சீக்கு வந்த கோழிக்குக் கத்தி எடுக்காதீர்கள்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களில் கோழி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலையடிவாரத் தோப்புகளில் மாமரங்களுக்கு அடியில் சிறுவிடைக் கோழிகள் மேய்கின்றன. ஊருக்குள் வந்தால் திண்ணையோரம் காலில் கயிறு கட்டிய கிளிமூக்குச் சேவல், மாடியில் புறாக்கூண்டு, திருவிழாவில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிவந்த பச்சை, ஊதா நிறக் கோழிக்குஞ்சு என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

பண்ணைக் கோழிக்கும் மனிதருக்கும் நடுவே கொட்டகையும் கம்பி வலையும் உண்டு. வீட்டுக் கோழிக்கு அந்தத் தடுப்பு கிடையாது. அடுப்படி வரை வரும். பிள்ளை கையில் இருக்கும் முறுக்கைக் கொத்தும். குடத்தடியில் எச்சமிடும். அப்படிப் பழகுவதில்தான் வீட்டுக் கோழி வளர்ப்பின் மகிழ்ச்சியே இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. கோழியிடமிருந்து நோய் நமக்கு எந்த நேரத்தில், எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் அந்த மகிழ்ச்சியை இழக்காமல் பாதுகாப்பாக இருக்கலாம்.

பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள்

2025 மார்ச் மாதம் ஆந்திர மாநிலம் பல்நாடு மாவட்டம் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது. எச்5என்1 பறவைக் காய்ச்சல்தான் காரணம் என்று புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் உறுதி செய்தது. வீட்டில் கோழிக்கறியைச் சுத்தம் செய்தபோது குழந்தை கேட்டதால் பச்சைக் கறியில் ஒரு சிறு துண்டைக் கொடுத்ததாகப் பெற்றோர் தெரிவித்தனர். அதே கறியைச் சமைத்துச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று செய்திகள் கூறின.

இந்தியாவில் எச்5என்1 வைரஸால் ஏற்பட்ட முதல் மனித மரணம் 2021 ஜூலையில் பதிவானது. டெல்லி எய்ம்ஸில் சிகிச்சை பெற்ற ஹரியாணாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் அவன். 2024இல் மேற்கு வங்கத்தில் நான்கு வயதுக் குழந்தைக்கு எச்9என்2 என்ற வேறு வகைப் பறவைக் காய்ச்சல் வந்தது. அந்தக் குழந்தையின் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கோழிகள் இருந்தன. நல்லவேளையாக அது பிழைத்துக்கொண்டது.

மூவருமே குழந்தைகள் என்பதைக் கவனியுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2003 முதல் 2025 ஆகஸ்ட் வரை 25 நாடுகளில் 990 பேருக்கு எச்5என்1 வந்துள்ளது. அவர்களில் 475 பேர் இறந்துவிட்டனர். கோடிக்கணக்கான வீடுகளில் கோழி இருக்கும் உலகில் 990 என்பது சிறிய எண்தான். ஆனால் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. இவர்களில் மிகப் பலர் சீக்கு வந்த கோழியையோ செத்த கோழியையோ வீட்டில் கையாண்டவர்கள். 2006 ஜனவரியில் துருக்கியின் கிழக்கு எல்லையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். குளிருக்காகக் கோழிகளை வீட்டுக்குள் அடைக்கும் ஊர் அது. செத்த கோழிகளை அந்தப் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடியிருந்தனர். கம்போடியாவில் அண்மை ஆண்டுகளில் வந்துகொண்டிருக்கும் நோயாளிகளிலும் பெரும்பாலானோர் இதே போன்ற கிராமத்து வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

கோழி தூங்கத் தொடங்கிய நாள்

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கோழி இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழிந்தால், 'சாகுறதுக்குள்ள அறுத்துருவோம்' என்பார்கள். 600, 700 ரூபாய் பெறும் நாட்டுக்கோழி வீணாகப் போகிறதே என்ற ஆதங்கம். அது நியாயமானதுதான். ஆனால் ஒரு கோழியின் வாழ்நாளில் அது நமக்கு மிக ஆபத்தாக இருக்கும் நேரம் அதுதான். நோய் முற்றிய கோழியின் ரத்தம், சளி, எச்சம், குடல் எல்லாவற்றிலும் கிருமி நிறைந்திருக்கும். அறுக்கும்போது ரத்தம் தெறிக்கிறது. வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது ஆவியும் துளிகளும் முகத்துக்கு நேராக எழுகின்றன. குடலை உருவும்போது விரலில் இருக்கும் சிறு கீறல் போதும். அறுப்பவர் ஒருவர் என்றால், குந்தியிருந்து இறகு பிடுங்குபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். பக்கத்தில் பிள்ளைகள் இறகைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

'நல்லா வேகவச்சா கிருமி செத்துரும்ல?' என்று கேட்கலாம். சாகும். 70 டிகிரிக்கு மேல் முழுவதும் வெந்த கறியில் பறவைக் காய்ச்சல் வைரஸ் உயிரோடு இருக்காது. கறி சட்டிக்குப் போவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் சிக்கல்.

இங்கே இன்னொரு குழப்பம் இருக்கிறது. நம் பகுதியில் கோழிகள் கூட்டமாகச் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பறவைக் காய்ச்சலில் கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து, தலை வீங்கி, சில நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் இரவில் அடைத்த கோழி காலையில் செத்துக் கிடக்கும். புத்தகத்தில் படித்தால் இரண்டும் வேறு வேறு. கொட்டகையில் நின்று பார்த்தால் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரே உறுதியாகச் சொல்லத் தயங்குவார். போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பித்தான் பறவைக் காய்ச்சலை உறுதி செய்கிறார்கள். ஆகவே 'இது கழிச்சல்தான்' என்று நாமே முடிவு செய்துவிட்டு அலட்சியமாக இருக்க முடியாது.

கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் 2014 முதல் பல முறை வாத்துகளிலும் கோழிகளிலும் பறவைக் காய்ச்சல் வந்திருக்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் தென்காசி, புளியரைக்குப் போகிறது. கோழி, முட்டை வண்டிகள் இரு பக்கமும் ஓடும் பாதை இது. பருவமழைக்குப் பின் கண்மாய்களில் வலசைப் பறவைகள் இறங்கும். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துப்பட்டி போடுவார்கள். வாத்து சில நேரம் நோய் வெளியே தெரியாமலே வைரஸைச் சுமந்து திரியும். வாத்து மேயும் கண்மாயில் உங்கள் கோழியைத் தண்ணீர் குடிக்க விடாமல் இருப்பது நல்லது.

சரி, கோழி தூங்குகிறது. என்ன செய்வது? முதலில் அதை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பஞ்சாரத்தில் மூடுங்கள். பெரியவர் ஒருவர் மட்டும் தீவனம், தண்ணீர் வைக்கட்டும். மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசமோ, இரண்டாக மடித்த துண்டோ கட்டிக்கொள்ளுங்கள். கையுறை இல்லாவிட்டால் கிழியாத பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் செத்தால் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ சொல்லுங்கள். ராஜபாளையத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

'சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்களே' என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். பறவைக் காய்ச்சல் உறுதியானால் மட்டுமே ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகள் அழிக்கப்படும். அதற்கு அரசு இழப்பீடு உண்டு. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய் தடுப்புச் சட்டப்படி தெரிவிப்பது உரிமையாளரின் கடமையும்கூட. மறைத்தால் நோயும் மிஞ்சும், இழப்பீடும் கிடைக்காது.

செத்த கோழியைக் கண்மாய்க் கரையிலோ ஓடையிலோ குப்பையிலோ எறியக் கூடாது. மூன்றடிக் குழி தோண்டி, மேலே சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்டாதபடி மூடுங்கள். ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். செத்த கோழியை நாய்க்கோ பூனைக்கோ போடாதீர்கள். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கு எச்5என்1 வந்தது உறுதியானது. அதற்குச் சற்று முன்பு நாக்பூர் கோரேவாடா மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரஸுக்குப் பலியாயின. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் நமக்கு மேற்கே இருக்கிறது. மலையோரத் தோப்புக்காரர்கள் செத்த கோழியை ஓடைப்பக்கம் வீசும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கோழி செத்த 10 நாட்களுக்குள் யாருக்காவது காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, மூச்சு வாங்குதல் வந்தால் மருத்துவரிடம் 'எங்க வீட்டுல கோழி செத்துச்சு' என்று நீங்களாகவே சொல்லுங்கள். மருத்துவர் அதைக் கேட்காமல் போகலாம். வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

நலமாக இருக்கும் கோழியும் கிருமியைச் சுமக்கும்

பறவைக் காய்ச்சல் அரிது. அன்றாடம் நடப்பது வேறு. சால்மோனெல்லா என்ற பாக்டீரியா கோழியின் குடலில் இருக்கும். கோழி நன்றாக மேயும், முட்டையிடும், ஒரு குறையும் தெரியாது. எச்சத்தின் வழியே கிருமி இறகிலும் காலிலும் கூட்டிலும் ஒட்டும். அங்கிருந்து நம் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. ஆறு மணி நேரம் முதல் ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். நாம் அதற்கு நேற்று சாப்பிட்ட பரோட்டாவைக் காரணம் சொல்வோம்.

அமெரிக்காவில் இதைத் தனியே கணக்கெடுக்கிறார்கள். ஊரடங்குக் காலமான 2020இல் பலர் புதிதாக வீட்டில் கோழி வளர்க்கத் தொடங்கினர். அந்த ஆண்டு வீட்டுக் கோழிகளிடமிருந்து சால்மோனெல்லா தொற்றியவர்களாகப் பதிவானவர்கள் 1,722 பேர். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 333 பேர். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

குழந்தை கோழிக்குஞ்சைக் கன்னத்தில் ஒட்டிவைத்துக் கொஞ்சுவதும் முத்தம் கொடுப்பதும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். குஞ்சின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆடிப்பூரத் தேர்த் திருவிழா போன்ற கூட்டங்களில் விற்கும் வண்ணக் குஞ்சுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். முட்டைக் கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேண்டாமென்று கழிக்கப்படும் ஆண் குஞ்சுகள்தான் அவை. சாயம் முக்கி, பெட்டியில் நெருக்கியடைத்து, தடுப்பூசி இல்லாமல் வருகின்றன. பெரும்பாலானவை ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. அப்புறம் அந்தச் செத்த குஞ்சையும் குழந்தையே கையில் வைத்துக்கொண்டு அழும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை கோழியைத் தொடாமல் இருப்பது நல்லது. பெரிய பிள்ளைகள் தொடலாம், தூக்கலாம், முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. கோழி பளபளப்பாகத் தெரிவதைக் கொத்தும், குழந்தையின் கண்ணும் அதற்குப் பளபளப்புதான். தொட்ட பிறகு சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குவளையும் சோப்பும் வைத்துவிட்டால் இது தானாக நடக்கும். சானிடைசர் எச்சம் ஒட்டிய கையில் சரியாக வேலை செய்யாது. கூட்டுக்குள் போவதற்கென்று ஒரு பழைய செருப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அது அடுப்படிக்கு வரவேண்டாம்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கோழிக்கு வரும் அம்மை மனிதருக்குத் தொற்றாது. 'சிக்கன்பாக்ஸ்' என்ற பெயரைக் கேட்டு, பிள்ளைக்கு அம்மை போட்டால் கோழியைப் பழி சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வைரஸ்.

முட்டை

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுப்பது தென்மாவட்டங்களில் நீண்ட நாள் வழக்கம். உடற்பயிற்சிக்கூடம் போகும் இளைஞர்களும் பச்சை முட்டை குடிக்கிறார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அப்படியே இருக்கட்டும், முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள். கிருமிப் பயம் ஒரு காரணம். சத்துக் கணக்கிலும் பச்சை முட்டை தோற்கிறது. வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரிக்கிறது, பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. மேலே இயற்கையான மெல்லிய பூச்சு ஒன்று அவற்றை அடைத்திருக்கும். குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் பூச்சு போய், ஓட்டின் மேலுள்ள கிருமி உள்ளே இழுக்கப்படும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கீறல் விழுந்த முட்டையைத் தள்ளிவிடுங்கள். அடைப்பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றினால் முட்டை அழுக்காவதே குறையும்.

கோழி எருவும் கீரைப்பாத்தியும்

என் துறை உழவியல் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோழி எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்தும் 2.6 சதவீதம் மணிச்சத்தும் 1.4 சதவீதம் சாம்பல்சத்தும் உள்ளன. மாட்டுச் சாணத்தைவிட மிக வளமானது. அதனாலேயே கூட்டை வழித்து நேராகக் கொல்லைப்புறக் கீரைப்பாத்தியில் கொட்டிவிடுகிறார்கள்.

பச்சை எருவில் இருக்கும் சால்மோனெல்லா மண்ணில் வாரக்கணக்கில், சில சூழலில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளில், மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு மக்காத எரு இட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நம் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் 25, 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். எனவே கீரைக்குப் பச்சைக் கோழி எரு எந்தக் கணக்கிலும் ஒத்துவராது. மல்லி, வெங்காயம், தக்காளிக்கும் இதே யோசனைதான். புதிய எருவின் அமோனியா வேரைக் கருக்கும் என்பது தனிக் கதை.

தென்னைநார்க் கழிவு, காய்ந்த சருகு, வைக்கோல் எது கிடைக்கிறதோ அதோடு கலந்து குவியலாக்கி, பிழிந்தால் கை நனையும் அளவு ஈரம் வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். குவியலின் உள்ளே கையை வைக்க முடியாத சூடு, அதாவது 55 டிகிரிக்கு மேல், சில நாட்கள் நிற்க வேண்டும். அந்தச் சூடுதான் கிருமியைக் கொல்கிறது. கிளறும்போது வெளியில் இருப்பது உள்ளே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் மண் வாசனையோடு எரு கிடைக்கும்.

கூட்டைப் பெருக்கும் முன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த எச்சத் தூசியும் இறகுத் தூளும் ஆண்டுக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால், சிலருக்குத் தீராத இருமலும் மூச்சிரைப்பும் வருகின்றன. புறா வளர்ப்பவர்களிடம் இது அதிகம். கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்கலாம். கழிவறை அமிலத்தோடு அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

கோழிப்பேனுக்குப் பருத்தி மருந்தா?

பருத்திக்கும் நெல்லுக்கும் வாங்கி மிச்சமிருக்கும் பூச்சிக்கொல்லியைக் கரைத்துக் கோழியை முக்குவதும், கூட்டில் தூவுவதும் தொடர்கிறது. பயிருக்கான மருந்து கோழிக்கானதன்று. தோல் வழியே உள்ளே போய் முட்டைக்கு வரும், முக்குபவரின் கை வழியாக அவருக்கும் போகும். கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மருந்தை, அவர் சொன்ன அளவில், காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். கோழிக்கு நல்ல புழுதிக்குளியல் கிடைத்தாலே பேன் தொல்லை பாதி குறையும். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பதும் வேண்டாம். அந்த மருந்து நின்ற பிறகு எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

கிளிமூக்கு, அசில் வளர்ப்பவர்களுக்கு முள் குத்துவது சாதாரணம். மண்ணும் எச்சமும் பட்ட முள் ஆழமாகக் குத்தினால் சோப்பு நீரால் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். காலில் கத்தி கட்டும் வேலையே வேண்டாம். 2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜகித்யால் மாவட்டத்தில், தன் சேவலின் காலில் கட்டிய கத்தி பட்டு அதன் உரிமையாளரே இறந்துபோனார்.

தடுப்பூசி போடும் நாளில்

வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண், மூக்கில் சொட்டு மருந்தாக எப்-1 அல்லது லசோட்டா, எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஆர்.டி.வி.கே. ஊசி. வெயில் ஏறும் மாதங்களில் நோய் அதிகம் என்பதால் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரு வார இலவச முகாம் நடத்துகிறது. கோழிகள் சாவது குறைந்தால் சீக்குக் கோழியை அறுக்கும் தேவையும் குறையும். ஊசிக்கு அஞ்சுபவர்களுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய வாய்வழிக் குருணைத் தடுப்பு மருந்தும் இருக்கிறது.

முகாமுக்கு முந்தின இரவே கோழிகளைக் கூட்டில் அடைத்துவிடுங்கள். விடியலில், கோழி கூட்டைவிட்டு இறங்கும் முன், இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து மெதுவாகப் பிடித்தால் கொத்தாது, பிறாண்டாது. சீக்காக இருக்கும் கோழிக்கு அன்று போட வேண்டாம். பிடித்துக்கொடுப்பவரும் போடுபவரும் கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. இது உயிருள்ள வைரஸ் மருந்து என்பதால், கண்ணில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் கண் சிவந்து நீர் வடியும். சுத்தமான நீரால் உடனே கழுவுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும், ஆகாவிட்டால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலி மருந்துக் குப்பியைப் பிள்ளைகள் விளையாட எடுத்துப்போகாமல் மருந்தக ஊழியரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.